அந்த ஊசித்தட்டான் படத்தைத் திருத்தி வெளியிடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் ஞாயிறு மலரில் வாசகர்கள் எடுத்த இயற்கைப் படங்களுக்கு ஒரு பக்கம் ஒதுக்குகிறீர்கள். மூன்று வாரங்களுக்கு முன் அதில் வந்த ஊசித்தட்டான் (ஊசிபோல மெலிந்த உடம்புள்ள தும்பி வகை) படம் நான் அனுப்பியது. கோரைப் புல்லின் நுனியில், உடம்பு முழுக்கப் பனித்துளியோடு உட்கார்ந்திருக்குமே, அதுதான். நான் எழுதிக்கொடுத்த இனப் பெயரையும் படத்துக்குக் கீழே அப்படியே போட்டிருந்தீர்கள். அந்தப் பெயர் தவறு. படமும் முழுக்க உண்மை இல்லை. இரண்டையும் திருத்தி ஒரு குறிப்பு வெளியிடக் கேட்டே இதை எழுதுகிறேன். என் ஒருவனோடு முடிகிற விஷயமாக இருந்தால் நாலு வரியில் நிறுத்தியிருப்பேன். அப்படி இல்லை என்பதால் நடந்ததைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

நான் 34 ஆண்டுகள் அச்சகங்களில் மெய்ப்பு (புரூஃப்) பார்த்தவன். ஈய எழுத்துகளைக் கோத்த காலத்தில் வேலைக்குச் சேர்ந்து, கணினியில் பக்கம் கட்டும் காலத்தில் ஓய்வுபெற்றேன். சேர்ந்த முதல் வாரத்தில் மூத்தவர் ஒருவர் சொல்லிக்கொடுத்ததை இன்றுவரை விடவில்லை. மூலத்தில் ஏதோ தப்பு என்று தோன்றினால் ஓரத்தில் ஒரு கேள்விக்குறி போடு, எழுதியவர் பார்த்துக்கொள்வார், நீயாக மாற்றாதே என்பார் அவர். ஒருவர் மூலத்தைச் சத்தமாக வாசிப்பார், மற்றவர் மெய்ப்பின் மேல் விரல் வைத்து வரிவரியாக நகர்வார். ஓர் ஒற்று விட்டுப்போனாலும் விரல் நின்றுவிடும். ஓய்வுக்குப் பிறகு பூச்சிகளையும் பறவைகளையும் படம் எடுக்க ஆரம்பித்தேன். அதிலும் அதே பழக்கம்தான். கண்ணெதிரே உட்கார்ந்திருக்கும் பூச்சி மூலம், எடுக்கிற படம் அதற்கு மெய்ப்பு.

தவறைக் கண்டுபிடித்தவள் என் தம்பி மகள். விலங்கியல் படிக்கிறாள். வீட்டுக்கு வந்திருந்தபோது என் கைபேசியில் அந்தப் படத்தைப் பெரிதாக்கி, மேலும் பெரிதாக்கி, ஓரமாக நகர்த்திப் பார்த்துக்கொண்டே இருந்தாள். அப்புறம், “பெரியப்பா, இதுக்குக் கால்ல முள்ளே இல்லையே?” என்றாள்.

வாங்கிப் பார்த்தேன். இல்லைதான். தட்டான்களுக்கும் ஊசித்தட்டான்களுக்கும் கால்கள் நடப்பதற்கு அவ்வளவாக உதவுவதில்லை. உட்காரும்போது பற்றிக்கொள்ளவும், பறந்துகொண்டே சின்னப் பூச்சிகளை அள்ளிப் பிடிக்கவும்தான் அவை. ஆறு காலையும் கூடைபோல முன்னால் குவிக்கும். அந்தக் கூடையின் குச்சிகளைப் போல நிற்பவை கால்களில் வரிசையாக இருக்கும் நீண்ட முட்கள். என் படத்தில் ஆறு கால்களும் இழைத்துத் தேய்த்த கம்பிபோல வழவழவென்று இருந்தன. இதை நான்தான் எடுத்தேன், நான்தான் அனுப்பினேன், செய்தித்தாளில் வந்த பிறகும் நாலைந்து முறை எடுத்துப் பார்த்தேன். ஒரு முறைகூடக் கால்களைக் கவனிக்கவில்லை.

அன்று காலை வெளிச்சம் சரியாகப் பரவும் முன்பே குளக்கரைக்குப் போயிருந்தேன். பனியில் நனைந்த ஊசித்தட்டான் உடம்பு சூடேறும்வரை பறக்காது. அதனால்தான் அவ்வளவு கிட்டே போக முடியும். ஈர மண்ணில் மண்டியிட்டு, முழங்கை இரண்டையும் ஊன்றி, மேக்ரோ லென்ஸ் மாட்டிய என் பழைய கேமராவில் 11 படங்கள் எடுத்தேன். எழுந்திருக்கும்போது கைபேசியிலும் இரண்டு தட்டினேன். கைபேசிப் படம் பார்த்ததுமே கண்ணைப் பறித்தது. நீலம் பளிச்சென்று இருந்தது, துளிகள் முத்துமுத்தாக மின்னின. அதையே உங்களுக்கு அனுப்பிவிட்டேன். கேமராவிலிருந்து படத்தை வெளியே எடுப்பது இப்போது ஒரு பாடாகிவிட்டதால் (அதைப் பின்னால் சொல்கிறேன்) அந்த 11 படங்களையும் திறந்தே பார்க்கவில்லை. மூலத்தோடு ஒத்துப் பார்க்காமல் மெய்ப்பை அச்சுக்கு அனுப்பியது என் தவறு. அதற்கு உங்களிடமும் வாசகர்களிடமும் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன்.

தம்பி மகள் கேட்ட அன்று மாலையே இரண்டு படங்களையும் கணினித் திரையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தோம். பழைய வழக்கப்படி அவள் ஒன்றைச் சொல்ல, நான் மற்றதில் தேடினேன். கேமராப் படத்தில் முட்கள் இருந்தன, ஒரு காலில் மட்டும் எண்ணி ஏழு. இறக்கையின் வலைக்கண்கள் நாற்கோணக் கட்டங்களாக வரிசையாக இருந்தன. கைபேசிப் படத்தில் மூன்று கட்டங்கள் ஒன்றாகக் கலந்திருந்தன. இன்னோர் இடத்தில் ஒரு நரம்பு எங்கிருந்தும் வராமல், எங்கும் போய்ச் சேராமல் நடுவில் நின்றது. அப்படியொரு நரம்பு ஊசித்தட்டானின் இறக்கையில் இருக்காது. பனித்துளி ஒவ்வொன்றும் சின்ன லென்ஸ்போல வேலை செய்யும், பின்னாலிருக்கும் புல் அதற்குள் தலைகீழாகத் தெரியும். கேமராப் படத்தில் அப்படியே தெரிந்தது. கைபேசியில் துளிகள் வெள்ளைப் பொட்டுகள் ஆகியிருந்தன, ஒவ்வொன்றைச் சுற்றியும் மெல்லிய கருப்பு வளையம் வேறு.

இனப் பெயர் தவறானது வயிற்றின் நுனியில். வால்போல நீண்டிருக்கும் அந்த வயிறு 10 கண்டங்களால், அதாவது அடுத்தடுத்த துண்டுகளால், ஆனது. நெருங்கிய இனங்கள் சிலவற்றில் ஆணைப் பிரித்தறிய, நுனியிலுள்ள நீலம் எந்தக் கண்டத்தில் தொடங்கி எதில் முடிகிறது என்று பார்ப்பார்கள். எட்டாவது கண்டத்தோடு நிற்கிறதா, ஒன்பதாவதிலும் இருக்கிறதா என்பதே சில சமயம் முடிவைச் சொல்லிவிடும். இரண்டு மில்லிமீட்டர்கூட இல்லாத இடம் அது. கைபேசிப் படத்தில் எட்டும் ஒன்பதும் ஒரே நீலம். கேமராப் படத்தில் ஒன்பதாவது கண்டத்தின் முதுகுப்பக்கம் கருப்பு, ஓரத்தில் மட்டும் நீலக் கீற்று. கைபேசி அந்தக் கருப்பைக் கறை என்று நினைத்துப் பக்கத்து நீலத்தை இழுத்துப் பூசிவிட்டது. இணையும்போது பெண்ணைப் பற்றிக்கொள்ள வால்நுனியில் இருக்கும் கொக்கிகளின் வடிவத்தையாவது பார்க்கலாம் என்றால், அவையும் உருகி ஒட்டின மெழுகாகத் தெரிந்தன.

இதற்குப் பிறகு சும்மா இருக்க முடியவில்லை. சுவரில் ஒரு குதிக்கும் சிலந்தி அடிக்கடி வந்து உட்காரும். எட்டுக் கண்ணில் முன்னிரண்டு மட்டும் பெரிதாக, நம்மையே திரும்பிப் பார்க்குமே, அந்த வகை. அதைக் கைபேசியில் 12 முறை எடுத்தேன். எடுத்த கையோடு படத்தைத் திறந்தால் ஒரு நொடி சொரசொரப்பாக, கொஞ்சம் மங்கலாக, ஆனால் கண்ணைச் சுற்றிலும் முடியோடு தெரிகிறது. அடுத்த நொடி திரை லேசாகச் சிமிட்டுகிறது. முடி போய்விடுகிறது. கண் இரண்டும் கண்ணாடிக் குண்டாகப் பளபளக்கின்றன. 12 தடவையும் இப்படித்தான். அந்த முதல் நொடியில் இருப்பது எனக்கு வேண்டும். அதை அந்தக் கைபேசி எங்குமே சேமித்து வைப்பதில்லை.

என்ன நடக்கிறது என்பது ஒன்றும் ரகசியமில்லை. கைபேசியின் சென்சார் சின்னது, அதில் விழும் ஒளி குறைவு, அதனால் படத்தில் பொரிப்பொரியாக இரைச்சல் வரும். அதைச் சரிக்கட்ட, நாம் ஒரு முறை தொட்டாலும் அது கண்ணிமைக்கும் நேரத்தில் பல படங்களை எடுத்து, ஒன்றன்மேல் ஒன்றாகப் பொருத்தி, எல்லாவற்றிலும் பொதுவாக இருப்பதை வைத்துக்கொண்டு மற்றதைக் களைகிறது. பிறகு விளிம்புகளுக்குக் கூர் ஏற்றுகிறது. இரவில் வீட்டு மனிதர்களைப் படம் எடுக்க இது பெரிய உதவி, நானும் சந்தோஷமாகப் பயன்படுத்துகிறேன். ஆனால் காற்றில் ஆடும் புல்லில் இருக்கும் பூச்சியின் முடியும் முள்ளும், பறவைச் சிறகின் இழையும் இதைச் செய்யும் நிரலின் (மென்பொருளின்) கண்ணுக்கு இரைச்சல்போலத்தான் படுகின்றன. துடைத்துவிடுகிறது. இன்னும் சில கைபேசிகளில், லட்சக்கணக்கான படங்களைப் பார்த்துப் பழகிய நிரல், துடைத்த இடத்தில் தனக்குத் தோன்றியதை வரைந்தும் வைக்கிறது.

எந்த டிஜிட்டல் படமும் கொஞ்சம் ஊகம்தானே என்று விவரம் தெரிந்தவர்கள் கேட்பார்கள். சரி, உண்மைதான். சென்சாருக்குத் தெரிவது வெளிச்சத்தின் அளவு மட்டும். கோடாக் நிறுவனத்தில் இருந்த பிரைஸ் பேயர் 1976-இல் காப்புரிமை பெற்ற வடிகட்டி முறையைத்தான் இன்றும் பெரும்பாலான கேமராக்கள் பின்பற்றுகின்றன. அதில் பாதிப் புள்ளிகள் பச்சையையும், கால்வாசி சிவப்பையும், கால்வாசி நீலத்தையும் பார்க்கும். ஒவ்வொரு புள்ளியிலும் மூன்றில் இரண்டு நிறங்களைப் பக்கத்துப் புள்ளிகளிலிருந்து கணக்குப் போட்டுத்தான் நிரப்புகிறார்கள். ஆனால் அந்தக் கணக்கு அதே படத்துக்குள், பக்கத்துப் புள்ளியை வைத்தே நடக்கிறது. உடைந்துபோன ஓர் ஈய எழுத்தை, அதே சொல்லில் மீதி எழுத்துகளைப் பார்த்து இன்னதென்று அறிவதற்குச் சமம் அது. வேறு புத்தகத்திலிருந்து ஒரு வரியைக் கொண்டுவந்து செருகினால் எந்த அச்சகத்திலும் ஒத்துக்கொள்ள மாட்டார்கள்.

2023 மார்ச்சில் ஒருவர் நிலவின் படத்தை வேண்டுமென்றே மங்கலாக்கிக் கணினித் திரையில் வைத்து, இருட்டில் கைபேசியால் எடுத்துக் காட்டியது பலருக்கு நினைவிருக்கலாம். திரையில் இல்லாத நிலவுப் பள்ளங்கள் கைபேசிப் படத்தில் இருந்தன. நிலவை அடையாளம் கண்டு விவரங்களைத் துலக்கும் நிரல் கைபேசியில் இருப்பதை அந்த நிறுவனமே விளக்கவேண்டி வந்தது. நிலவாவது எப்போதும் ஒரே முகத்தைக் காட்டுகிறது, நினைவிலிருந்து வரைந்தாலும் அதிகம் தப்பாகாது. ஊசித்தட்டானை அப்படி வரைய முடியுமா? ஒரே குளத்தில், ஒரே புல்லில், அடுத்தடுத்து உட்காரும் இரண்டு வெவ்வேறு இனமாக இருக்கலாம். ஒன்றுக்கு ஒரு கால் போயிருக்கும், இன்னொன்றின் இறக்கையில் செந்நிறச் சிற்றுண்ணி ஒட்டியிருக்கும். அதையெல்லாம் பார்க்கத்தானே மண்டியிடுகிறோம்.

பெட்டியில் அச்சடிக்கும் எண்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. 50 மெகாபிக்சல் என்று போட்டிருப்பார்கள். வழக்கமாக எடுத்தால் நாலு நாலு புள்ளிகளை ஒன்றாகச் சேர்த்து 12.5 மெகாபிக்சல் படமே வரும். லென்ஸ் நகராமல் மின்னணு முறையில் 10 மடங்கு ஜூம் செய்தால், நீளத்தில் பத்தில் ஒன்று, அகலத்தில் பத்தில் ஒன்று, ஆக மொத்தப் பரப்பில் நூறில் ஒரு பங்குதான் மிஞ்சும். 12 மெகாபிக்சலில் அது 1,20,000 புள்ளிகள். தூரத்து மரத்தில் இருக்கும் மீன்கொத்தியை அதில் எடுத்துச் சிறகுச் சிறகாகத் தெரிகிறது என்று மகிழ்பவர்கள், அந்தச் சிறகுகள் எங்கிருந்து வந்தன என்று கேட்டுப் பார்க்க வேண்டும். மீன்கொத்தியின் நீலம் சாயம்கூட இல்லை. சிறகின் மிக நுண்ணிய கட்டமைப்பில் ஒளி சிதறி வருகிற நிறம். அதை வரைந்து காட்டுவது எனக்கு மரியாதைக் குறைவாகப் படுகிறது.

பொழுதுபோக்குப் படத்துக்கு இவ்வளவு கவலையா என்று கேட்கலாம். 2002-இல் தொடங்கிய ஈபேர்ட், 2008-இல் தொடங்கிய ஐநேச்சுரலிஸ்ட் போன்ற தளங்களில் என்னைப் போன்றவர்கள் பதிவதைத்தான் ஆராய்ச்சியாளர்கள் எடுத்துப் பயன்படுத்துகிறார்கள். எந்த இனம் எங்கே இருந்தது, எந்த மாதத்தில் தென்பட்டது, எங்கே இல்லாமல் போனது என்று அதிலிருந்து பார்க்கிறார்கள். பெயர் தெரியாத பூச்சியின் பெயரைச் சொல்லும் நிரல்களும் இப்படிச் சேர்ந்த படங்களைப் பார்த்தே கற்கின்றன. இன்று முள்ளில்லாத கால் ஆயிரம் படங்களில் சேர்ந்தால், முள்ளில்லாத காலையே அவை நாளைக்குச் சரி என்று நம்பும். லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகம் நடத்தும் காட்டுயிர்ப் புகைப்படப் போட்டியில், முன்னேறும் படங்களுக்கு, கேமரா பதிவுசெய்ததைத் திருத்தாமல் அப்படியே வைத்திருக்கும் ரா கோப்பைக் கேட்டு வாங்கி ஒப்பிடுகிறார்கள். மூலத்தைக் கொண்டுவா என்கிறார்கள். எனக்கு அது ரொம்பப் பிடித்திருக்கிறது.

எனக்குத் தாங்க முடியாதது இதற்கப்புறம் நடந்தது. இந்தக் கைபேசியை வாங்கியபோது இந்தத் துலக்கும் வேலையை நிறுத்திவைக்க ஒரு செட்டிங் இருந்தது. நானே நிறுத்தி வைத்திருந்தேன். ஒரு நாள் இரவு அப்டேட் ஒன்று தானாக இறங்கியது. அதோடு அந்தச் செட்டிங் இருந்த இடமே இல்லாமல் போனது. அதைப் பல நாள் நான் கவனிக்கவும் இல்லை. ஊசித்தட்டானை எடுத்தது அந்த நாட்களில்தான். சர்வீஸ் சென்டரில் போய்க் கேட்டேன். “புது அப்டேட்ல எடுத்துட்டாங்க சார், எல்லாருக்கும் அப்படித்தான்” என்றார் அங்கிருந்த பையன். பழைய பதிப்புக்குத் திரும்ப முடியுமா என்றால் முடியாது. ரா கோப்பாக எடுக்கலாமே என்றார். எடுக்கலாம், ஆனால் பிரதான லென்ஸில் மட்டும். கிட்டத்தில் எடுக்கும் லென்ஸுக்கு அந்த வசதி இல்லை. அந்தப் பையனைக் குறை சொல்ல ஒன்றுமில்லை, பொறுமையாகப் பதில் சொன்னார். ஆனால் நான் காசு கொடுத்து வாங்கிய ஒன்றை, நான் தூங்கும்போது வீட்டுக்குள் வந்து எடுத்துப் போனதுபோலத்தான் இருக்கிறது.

கேமராவிலிருந்து படத்தை வெளியே எடுப்பது ஒரு பாடு என்று சொன்னேனே, அதுவும் இதே கதைதான். கேமரா நன்றாக இருக்கிறது. ஷட்டர் ஒரு முறைகூட முரண்டு பிடித்ததில்லை. ஆனால் படங்களை வைஃபையில் மாற்ற அந்த நிறுவனம் கொடுத்த செயலி புதுக் கைபேசியில் நிறுவ முடியாதபடி கைவிடப்பட்டுவிட்டது. கார்டைக் கழற்றிக் கார்டு ரீடரில் போட்டு எடுக்கிறேன், அது இன்னும் வேலை செய்கிறது, நல்ல வேளை. பேட்டரி ஒரு நாள் வீங்கி, உள்ளேயே சிக்கிக்கொண்டது. மெல்ல நெம்பி எடுத்துவிட்டு வேறு நிறுவனம் செய்த பேட்டரியைப் போட்டுப் பயன்படுத்தினேன். நன்றாகவே ஓடியது. கேமராவின் உள்மென்பொருளை அப்டேட் செய்த மறுநாளிலிருந்து அதை ஏற்க மாட்டேன் என்று திரையில் எச்சரிக்கை வருகிறது. லித்தியம் பேட்டரி தேயும், அது வேதியியல். அதை யாரும் குறை சொல்ல முடியாது. நேற்றுவரை ஏற்றுக்கொண்ட பேட்டரியை இன்று மறுப்பது வேதியியல் இல்லை.

படங்களைத் திருத்தும் மென்பொருளில் பட்டது இன்னும் வலித்தது. ஒரே தடவை பணம் கட்டி, காலத்துக்கும் உனக்கே என்று வாங்கியது. பழைய கணினி பழுதாகிப் புதியதில் நிறுவப் போனபோது, அனுமதி எண்ணைச் சரிபார்க்கும் சர்வரை மூடிவிட்டோம், மாதச் சந்தாவுக்கு மாறிக்கொள்ளுங்கள் என்று பதில் வந்தது. 11 வருடமாக ஒவ்வொரு படத்துக்கும் பூச்சியின் பெயர், ஆணா பெண்ணா, என்ன செய்துகொண்டிருந்தது, எந்தச் செடி என்று நான் தட்டித் தட்டி எழுதின குறிப்புகள் அந்த மென்பொருளின் பட்டியலுக்குள் மாட்டிக்கொண்டன. தம்பி மகள் நான்கு நாள் உட்கார்ந்து பெரும்பகுதியை மீட்டுக் கொடுத்தாள். வாசகர்கள் யாராவது இப்படிக் குறிப்பெழுதும் பழக்கம் உள்ளவர்களாக இருந்தால், படக்கோப்புக்குள்ளேயே குறிப்பையும் எழுதச் சொல்லும் தேர்வு உங்கள் மென்பொருளின் செட்டிங்கில் இருக்கிறதா என்று இன்றைக்கே பாருங்கள். இருந்தால் அதை இயக்கிவிடுங்கள். அப்படிச் செய்தால் குறிப்பு படத்தோடே போகும்.

இதெல்லாம் மாறவே மாறாது என்று சொல்பவர்கள் உண்டு. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2024 டிசம்பர் 28 முதல் புதிதாக விற்கும் கைபேசிகளும், டேப்லெட்களும், டிஜிட்டல் கேமராக்களும் ஒரே வகை யுஎஸ்பி-சி சார்ஜிங் துளையோடு வரவேண்டும் என்று சட்டம் வந்துவிட்டது. 2027 பிப்ரவரி முதல் கையில் எடுத்துப்போகும் சாதனங்களின் பேட்டரியைப் பயன்படுத்துபவரே கழற்றி மாற்றும்படி வைக்க வேண்டும் என்றும் விதி செய்திருக்கிறார்கள், சில விலக்குகளோடு. துளைக்கும் பேட்டரிக்கும் சட்டம் போட முடிகிறதென்றால், விற்ற பிறகு ஒரு வசதியைப் பறிக்கக் கூடாது என்பதற்கும் போடலாம். படத்தில் நிரல் கைவைத்தால் அதைக் கோப்பிலேயே எழுதிவைக்கும் பொதுமுறையை உருவாக்க 2021-இல் ஒரு கூட்டமைப்பு அமைந்து, 2023 அக்டோபரில் அந்த வசதியோடு கேமராவே விற்பனைக்கு வந்துவிட்டது. தொழில்நுட்பம் இல்லை என்று யாரும் சொல்ல முடியாது.

இந்தக் கடிதத்தைக் கைபேசியில்தான் முதலில் எழுத ஆரம்பித்தேன். தும்பி என்று அடித்த இடத்தில் எல்லாம் தம்பி என்று மாற்றியது. மூன்றாவது தடவை கைபேசியை வைத்துவிட்டுக் காகிதத்துக்கு வந்தேன். சந்தேகம் என்றால் அந்தச் சொல்லுக்கு அடியில் ஒரு கோடு போட்டுக் காட்டட்டும், நான் பார்த்துக்கொள்கிறேன். 34 வருடம் ஓரத்தில் கேள்விக்குறி போட்டுப் பிழைத்தவன் அதற்கு மேல் என்ன கேட்கப் போகிறேன். கைபேசி செய்கிறவர்களிடமும் அதே கோரிக்கைதான். துலக்கிய படம் ஒன்று, துலக்காத படம் ஒன்று, இரண்டையும் கொடுங்கள். எது வேண்டும் என்று எடுத்தவர் சொல்லட்டும். அந்தச் செட்டிங்கை அப்டேட்டில் எடுத்துவிடாதீர்கள்.

உங்களிடமும் ஒரு விண்ணப்பம். வாசகர் படங்களை வாங்கும்போது, எந்தக் கருவியில் எடுத்தது, நிரல் துலக்கியதா என்று இரண்டு கேள்வி கேளுங்கள். இனப் பெயரோடு போடும் படங்களுக்காவது மூலக்கோப்பைக் கேளுங்கள். ஆனால் கேட்கும்போது ஓர் எச்சரிக்கையும் சேர்த்துப் போடுங்கள். மூலக்கோப்பில் படம் எடுத்த இடத்தின் அட்சரேகை தீர்க்கரேகைகூடப் பதிந்திருக்கலாம். பட்டாம்பூச்சிக்குப் பரவாயில்லை. ஆந்தைக் கூட்டுக்கும் அரிய ஆர்க்கிட் செடிக்கும் அது ஆபத்து, திருடர்களுக்கு வழி காட்டியதாகிவிடும். ஐநேச்சுரலிஸ்ட் தளமே அழியும் நிலையில் உள்ள இனங்களின் சரியான இடத்தை மறைத்துத்தான் காட்டுகிறது. இடக் குறிப்பை நீக்கிவிட்டு அனுப்பச் சொல்லுங்கள்.

கேமராவில் எடுத்த படத்தின் ரா கோப்பைத் தனியே அனுப்பியிருக்கிறேன், இடக் குறிப்பை எடுத்துவிட்டு. வெளியிட வேண்டிய திருத்தத்தையும் நானே எழுதித் தருகிறேன். இடம் போதாது என்றால் இந்தக் கடிதத்தை எவ்வளவு வேண்டுமானாலும் வெட்டிக்கொள்ளுங்கள், கீழே உள்ளதை மட்டும் வெட்டாமல் போடுங்கள்.

திருத்தம்: மூன்று வாரங்களுக்கு முன் வாசகர் பக்கத்தில் வெளியான ஊசித்தட்டான் படத்தில் கால்களின் முட்கள் கைபேசி நிரலால் அழிக்கப்பட்டுள்ளன. இறக்கை நரம்புகள் சில நிரல் வரைந்தவை. ஒன்பதாவது கண்டத்தின் முதுகுப்பக்கம் நீலமல்ல, கருப்பு. இனப் பெயரை நீக்கி, “ஊசித்தட்டான், ஆண்” என்று மட்டும் படிக்கவும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற மெய்ப்புத் திருத்துநர் ஒருவர்